பல்பின் அடியைப் பார்த்து வாங்குங்கள்: லயத்து வீட்டிலிருந்து தாமான் வீடு வரை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப்புற டவுனில் ஹார்ட்வேர் கடைக்குப் போய் "ஒரு பல்பு கொடுங்க" என்றால், கடைக்காரர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "பின்னா, ஸ்க்ரூவா?" என்பதுதான். பாதிப் பேர் அங்கேயே தயங்கி நின்றுவிடுவார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஒரே ஊரில் மூன்று காலத்து வீடுகள் நிற்கின்றன. தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வயரில் தொங்கும் பின் ஹோல்டர் இன்னும் இருக்கிறது. அதற்குப் பின் வந்த மலிவு விலைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் ஸ்க்ரூ ஹோல்டரும் நாலடி டியூப் லைட்டும். புதிதாக எழும் டெரஸ் வீடுகளில் சீலிங்கில் பதித்த டவுன்லைட். லயத்திலிருந்து தாமானுக்கு மாறியவர்கள் பழைய மேசை விளக்கையும் சாமி மேடை விளக்கையும் கூடவே எடுத்து வந்திருப்பார்கள். ஆக, ஒரே வீட்டுக்குள் நாலு விதமான பல்பு அடி, அதாவது ஹோல்டரில் மாட்டும் பகுதி, இருப்பது சாதாரணம்.

அடி பொருந்துகிறதா என்பது முதல் கேள்வி. பொருந்திய பல்பு அந்த வோல்டேஜுக்கும், அந்தக் கூண்டுக்கும், அந்த இடத்துக்கும் ஏற்றதா என்பது அடுத்த கேள்வி. முதலாவதில் தவறினால் கடைக்கு இன்னொரு நடை, அவ்வளவுதான். இரண்டாவதில் தவறினால்தான் பல்பு வெடிக்கும், ஹோல்டர் கருகும், மூன்றே மாதத்தில் விளக்கு செத்துப் போகும்.

முதலில் அளந்து பாருங்கள்

டிபி பாக்ஸில் (வீட்டுக்குக் கரண்ட் பிரியும் மெயின் பெட்டியில்) விளக்குக்கான எம்.சி.பி.யை, அதாவது அந்த வழிக்கான குட்டி சுவிட்சை, இறக்குங்கள். சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்சைக் கரண்ட் வரும் லைவ் வயரில் வைக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் வைத்திருப்பதுண்டு. அப்படி இருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். பல்பு ஆறிய பின் கழற்றி, கழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அடியின் குறியீடு பெரும்பாலும் வாட், வோல்ட் எண்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

குறியீடு எளிது. இ என்றால் எடிசன் திருகு. பின்னால் வரும் எண் திருகின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். பி என்றால் அழுத்தித் திருப்பும் பின் வகை. எண் பித்தளை உருளையின் விட்டம். ஜி என்று தொடங்கினால் கால் உள்ள வகை. எண் இரண்டு காலுக்கும் இடையே உள்ள தூரம். ஆகவே இ27 என்பது 27 மி.மீ. திருகு, பி22 என்பது 22 மி.மீ. உருளை, ஜியூ10 என்பது 10 மி.மீ. இடைவெளியுள்ள இரண்டு கால்.

எழுத்து அழிந்துவிட்டதா? கையில் ரூலர் இல்லையா? சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை எடுங்கள். இப்போது புழங்கும் தங்க நிற 50 சென் நாணயத்தின் விட்டம் 22.65 மி.மீ. கழற்றிய பல்பின் அடியில் அதை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய சரியாக மூடினால் அது பி22. நாணயத்தைச் சுற்றித் திருகு வெளியே தெரிந்தால் இ27. 5 சென் நாணயம் 17.78 மி.மீ.; அதைவிடவும் அடி சிறியது என்றால் பெரும்பாலும் இ14. உண்டியலில் பழைய வெள்ளி நிற 50 சென் கிடந்தால் இன்னும் நல்லது. அதன் விட்டம் 27.76 மி.மீ., இ27 திருகோடு கிட்டத்தட்ட ஒத்துப் போகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நாணயத்தைப் பல்பில்தான் வைத்துப் பார்க்க வேண்டும், ஹோல்டருக்குள் ஒருபோதும் நுழைக்கக் கூடாது.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. கெட்டுப்போன பல்பைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். அதுவும் தோதுப்படாவிட்டால், அடியும் அச்சடித்த எழுத்தும் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல்பின் உருண்டையை மட்டும் படம் பிடித்துக் காட்டினால் கடைக்காரரால் ஒன்றும் சொல்ல முடியாது.

பின் பல்பு: பி22

ஆங்கிலேயர் காலத்து வயரிங்கோடு வந்த வகை இது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்றும் இதுதான் பரவலாக இருக்கிறது. அதனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது வாங்கி வரும் அலங்காரப் பல்பு, சாமி மேடைக்கான சிவப்பு ஜீரோ வாட் பல்பு எல்லாம் பின்னாகவே இருக்கும். தாமான் வீட்டு ஸ்க்ரூ ஹோல்டரில் ஏறாது. அங்கே வாங்கும்போதே ஒரு பின் ஹோல்டரையும் சேர்த்து வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

உருளையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு சிறு பின்கள். பல்பை மேலே அழுத்தி, வலப்பக்கம் சற்றுத் திருப்பினால் பின்கள் ஹோல்டரின் வளைந்த பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். கழற்றும்போதும் முதலில் அழுத்த வேண்டும், பிறகுதான் இடப்பக்கம் திருப்ப வேண்டும். அழுத்தாமல் முறுக்கினால் பல்பின் கண்ணாடி கையோடு வந்துவிடும், பித்தளை உள்ளேயே நின்றுவிடும்.

இந்த வகையில் வரும் கோளாறு பல்பில் அல்ல, ஹோல்டரில். ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் (எம்.சி.பி. இறக்கிய பிறகு). இரண்டு பித்தளைக் குமிழ்கள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங். இந்த இரண்டு குமிழும் பல்பின் அடியிலுள்ள இரண்டு ஈயப் பொட்டுகளை அழுத்திக்கொண்டிருந்தால்தான் கரண்ட் ஓடும். வருஷக்கணக்கில் 60 வாட், 100 வாட் குண்டு பல்பின் சூட்டில் கிடந்து கிடந்து ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்துவிடும். குமிழ் பாதி வழியில் நின்றுபோகும். பொட்டுக்கும் குமிழுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும், அதில் பொறி பறக்கும், குமிழின் முகம் கறுத்து குழி விழும். வெளியே தெரியும் அடையாளம்: விளக்கு விட்டு விட்டு எரியும், "சிர்ர்" என்று சத்தம் வரும், ஹோல்டரை லேசாக ஆட்டினால் எரியும். அந்த நிலையில் புதுப் பல்பு போட்டுப் பிரயோஜனமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒரு வார வைத்தியம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்குக்குப் போன விறைப்பு திரும்பி வராது. ஹோல்டரை மாற்றுங்கள்.

தகரக் கூரை வீடுகளில் எறும்பும் பல்லியும் ஹோல்டருக்குள் குடியேறுவதும் உண்டு. பல்பைக் கழற்றும்போது கறுத்த பொடி கொட்டினால் எறும்பாகத்தான் இருக்கும். காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். எறும்பு மருந்தை ஹோல்டருக்குள் அடிக்க வேண்டாம். அதில் உள்ள எண்ணெய் தீப்பற்றக்கூடியது.

ஸ்க்ரூ பல்பு: இ27, இ14, அவற்றைப் போலவே தெரிகிற மற்றவை

இன்றைக்கு மலேசியக் கடைகளில் அதிக ரகம், அதிக வாட், அதிக நிறம் கிடைப்பது இ27இல்தான். வீட்டில் ஏதாவது ஒரு ஹோல்டரை மாற்ற வேண்டி வந்தால் இ27க்கே மாற்றுங்கள் என்பதுதான் எங்கள் யோசனை. வீடு முழுக்க ஒரே அடி இருந்தால், வரவேற்பறைப் பல்பு இரவில் போய்விட்டால்கூட ஸ்டோர் ரூம் பல்பைக் கழற்றி மாட்டிச் சமாளிக்கலாம்.

ஸ்க்ரூ ஹோல்டரில் ஒரு விஷயம் பின் ஹோல்டரில் இல்லாதது: லைவ் எங்கே, நியூட்ரல் எங்கே என்பது முக்கியம். லைவ் வயர் ஹோல்டரின் நடு நாக்குக்குத்தான் போக வேண்டும். சுற்றியுள்ள திருகுக் கூடு நியூட்ரலுக்கு. மாற்றிக் கொடுத்துவிட்டால் விளக்கு எப்போதும் போல எரியும், ஆனால் பல்பைத் திருகும்போது விரல் பட வாய்ப்புள்ள அந்த உலோகத் திருகில் 230 வோல்ட் நிற்கும். எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாத தவறு இது.

பல்பு புதிது, ஹோல்டரில் கரண்ட் வருகிறது, ஆனால் எரியவில்லை என்றால் அந்த நடு நாக்கைப் பாருங்கள். யாரோ பல்பை இறுக்கோ இறுக்கென்று இறுக்கியிருப்பார்கள். நாக்கு அடியோடு படுத்துவிட்டிருக்கும். மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, உலர்ந்த மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் குச்சியால் நாக்கின் நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நெம்புங்கள். பல்பு அடியில் தொட்டதும் கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். நாக்கு நெம்பியதும் மறுபடி படுத்துவிட்டாலோ, நீலம் பாய்ந்து கறுத்திருந்தாலோ ஹோல்டரின் ஆயுசு முடிந்தது.

இ14 சிறிய திருகு. மெழுகுவர்த்தி வடிவப் பல்பு, சுவர் விளக்கு, ஃபிரிட்ஜுக்குள் எரியும் விளக்கு ஆகியவற்றில் வரும். இணையத்தில் வாங்கும் அலங்கார விளக்குகளில் இ12 வருவதுண்டு; 2 மி.மீ.தான் வித்தியாசம். இ12 பல்பு இ14 ஹோல்டருக்குள் இறங்கும், ஆனால் மரை பிடிக்காமல் ஆடும், பொறி தெறிக்கும். இ14 பல்பு இ12 ஹோல்டரில் ஏறவே ஏறாது. சாமி மேடை மின்விளக்கில் குங்குமப்பூ மாதிரி எரியும் பொடிப் பல்புகள் சில இ10கூட இருக்கும். இவற்றைக் கண்ணால் பார்த்து வாங்காமல் ரூலரால் அளந்தே வாங்குங்கள்.

பொருந்தியும் தவறாகப் போகும் இரண்டு பல்புகள் இந்த இ27 குடும்பத்தில்தான் இருக்கின்றன.

ஒன்று, அமெரிக்காவுக்கான இ26. 26க்கும் 27க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியாது. திருகு அழகாக ஏறும். ஆனால் அது 120 வோல்ட் பல்பு. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (2008க்கு முன்பு 240 வோல்ட் என்று கணக்கு). சுவிட்சைத் தட்டிய நொடியில் "டப்".

இன்னொன்று, பேட்டரிக்கான 12 வோல்ட் எல்.இ.டி. பல்பு. பசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைக்காரர்களும் ரப்பர் தோட்டக் குடிசையில் சோலார் வைத்திருப்பவர்களும் வாங்குவது. வெள்ளை உடம்பு, இ27 திருகு, 9 வாட் என்று அச்சு. வீட்டுப் பல்புக்கும் அதற்கும் பார்வைக்கு ஒரு வேறுபாடும் இல்லை. கழுத்தில் 12 வோல்ட் டி.சி. என்று சின்ன எழுத்தில் இருக்கும். வீட்டு ஹோல்டரில் மாட்டினால் புகையும். வீட்டில் இரண்டும் இருந்தால், பேட்டரி பல்பின் கழுத்தில் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள்.

டவுன்லைட்: ஜியூ10ஆ, எம்.ஆர்.16ஆ?

சீலிங்கில் பதித்த குட்டி ஸ்பாட் லைட்டைக் கழற்றினால் இரண்டு கால் தெரியும். காலின் நுனி தடித்து, குமிழ் மாதிரி இருந்தால் ஜியூ10: உள்ளே தள்ளித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், நேரடியாக 230 வோல்ட். கால் ஊசி மாதிரி நேராக, மெல்லியதாக, 5.3 மி.மீ. இடைவெளியில் இருந்தால் அது ஜியூ5.3. கடையில் இதை எம்.ஆர்.16 என்பார்கள். நேராகக் குத்தி இழுக்கும் வகை. 12 வோல்ட்தான், சீலிங்குக்கு மேலே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒளிந்திருக்கும்.

பழைய ஹாலோஜன் எம்.ஆர்.16ஐ எடுத்துவிட்டு எல்.இ.டி. எம்.ஆர்.16 போட்டதும் மினுக் மினுக் என்று அடிப்பது அடிக்கடி கேட்கும் புகார். பல்பு கெட்டதல்ல. ஹாலோஜனுக்கான மின்னணு டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்ய ஒரு குறைந்தபட்சச் சுமை வேண்டும். பெட்டியில் 20 முதல் 60 வாட் என்று போட்டிருக்கும். 5 வாட் எல்.இ.டி. அதற்குப் போதாது. அது விட்டு விட்டு எழுந்து படுக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 12 வோல்ட் எல்.இ.டி. டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் சாதனம்) வைக்கலாம். அல்லது வயர்மேனிடம் சொல்லி டிரான்ஸ்ஃபார்மரையே தூக்கிவிட்டு ஜியூ10 ஹோல்டர் போடலாம். இரண்டாவதுதான் நல்லது, கூரையில் ஒளிந்து கெடுகிற பொருள் ஒன்று குறையும்.

இப்போது வரும் பல டவுன்லைட்டுகளுக்குப் பல்பே கிடையாது. விளக்கும் டிரைவரும் ஒரே தட்டில். அடி என்ன என்று தேட வேண்டாம். சீலிங் ஓட்டையின் விட்டத்தை அளந்து, அதே ஓட்டைக்குப் பொருந்தும் முழு விளக்கை வாங்குங்கள். விளக்கு போய்விட்டது என்று தூக்கிப் போடும் முன் டிரைவரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். டிரைவரின் மேல் அச்சடித்த மில்லிஆம்பியர் எண்ணும் வோல்ட் வரம்பும் புதியதிலும் ஒத்திருக்க வேண்டும்.

டியூப் லைட்

டி8, டி5 என்ற எண் டியூபின் தடிமன். அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்ற கணக்கு. டி8 ஒரு அங்குலம், சுமார் 26 மி.மீ.; காலிடைவெளி 13 மி.மீ. என்பதால் அடி ஜி13. டி5 சுமார் 16 மி.மீ., அடி ஜி5. நாலடி டி8 36 வாட் டியூபின் நீளம் 1200 மி.மீ. அளவு, அதற்கு இணையாகச் சொல்லப்படும் டி5 28 வாட் டியூப் 1149 மி.மீ.தான். நீளமும் வேறு, காலும் வேறு. ஒன்றின் சட்டத்தில் மற்றது போகாது.

நம் ஊர்ப் பக்கம் அதிகம் இருப்பது டி8, சோக்கு (டியூபுக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கனமான சுருள்), ஸ்டார்ட்டர் (டியூபை எரியத் தொடங்க வைக்கும் குட்டி டப்பா) வைத்த சட்டம். அதில் எல்.இ.டி. டியூப் மாட்டுவதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. ஏனென்றால் அடி எல்லாவற்றிலும் ஒரே ஜி13. உள்ளே கரண்ட் போகும் வழிதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

சில எல்.இ.டி. டியூப் பெட்டியில் ஸ்டார்ட்டர் மாதிரியே ஒன்று கூடவே வரும். அது ஸ்டார்ட்டர் அல்ல. உள்ளே ஒரு ஃபியூஸ் மட்டும். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, டியூபை மாற்றினால் வேலை முடிந்தது, சோக்கு அப்படியே இருக்கலாம். வயரைத் தொட வேண்டாம் என்பவர்களுக்கு இது சரி. பழைய ஸ்டார்ட்டரையே விட்டுவிட்டால் டியூப் ஒழுங்காக எரியாது.

மற்றவை நேரடி இணைப்பு கேட்கும். ஒற்றை முனை டியூப் என்றால் ஒரே பக்கத்து இரண்டு கால்களுக்கு லைவும் நியூட்ரலும் போக வேண்டும். மறுமுனை வெறும் பிடிமானம். இரட்டை முனை என்றால் ஒரு பக்கத்துக்கு லைவ், மறுபக்கத்துக்கு நியூட்ரல். எது என்பதை டியூபின் மேல் ஒட்டிய படமே காட்டும். மெயினை இறக்கிவிட்டு, சட்டத்தின் மூடியைத் திறந்து, சோக்கையும் ஸ்டார்ட்டர் கூட்டையும் சுற்றிலிருந்து விலக்கி, படத்தில் உள்ளபடி வயரைக் கொடுக்க வேண்டும். வெட்டிய நுனிகளைக் கனெக்டரில் முடக்குங்கள், வெறும் டேப் சுற்றி விட வேண்டாம். தகரக் கூரைச் சூட்டில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். ஒற்றை முனை டியூபில் கரண்ட் வரும் பக்கத்தில் அடையாளம் இருக்கும், அந்தப் பக்கத்தையே மாட்டுங்கள்.

மாற்றிய சட்டத்தின் மேல் "எல்.இ.டி. மட்டும்" என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். இன்னும் இரண்டு வருஷம் கழித்து வீட்டில் வேறு யாராவது பழைய ஃபுளோரசண்ட் டியூபை அதில் மாட்டினால், ஒற்றை முனை வயரிங்கில் அதன் இழையின் குறுக்கே நேராக 230 வோல்ட் பாயும். டியூபை மாட்டும்போது எப்போதும் சுவிட்சும் எம்.சி.பி.யும் இறங்கியிருக்கட்டும்: இரட்டை முனை டியூபில் ஒரு பக்கம் செருகிய நிலையில் மறுபக்கத்துக் காலைத் தொட்டால் அடிக்கக்கூடும்.

சட்டத்தைத் திறந்தால் கனமான இரும்புச் சோக்குக்குப் பதில் லேசான நீளப் பெட்டி, ஸ்டார்ட்டரே இல்லை என்றால் அது சோக்கின் வேலையைச் செய்யும் மின்னணு பேலாஸ்ட். பெரும்பாலான எல்.இ.டி. டியூப்கள் அதோடு ஒத்துப் போகாது. பேலாஸ்டை விலக்கி நேரடி இணைப்புக்கு மாற்றுங்கள்.

ஃபுளோரசண்ட் டியூபைச் சேர்த்து வைப்பதில் பயனில்லை. பாதரசம் குறித்த மினமாதா உடன்படிக்கையின் 2023 கூட்டத்தில், அவற்றின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென்று உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டுள்ளன. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் வழித்து, ஈரத்தாளால் துடைத்து, மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். விளக்குமாறும் வேக்குவமும் வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. வட்ட டியூபில் நாலு கால் சேர்ந்த ஜி10கியூ. இப்போது அதற்குப் பதில் காந்தத்தால் ஒட்டும் எல்.இ.டி. தட்டு வருகிறது, பழைய பேலாஸ்டைக் கழற்றிவிட்டு மாட்ட வேண்டும். கண்ணாடித் தொங்கு விளக்கில் வளையம் போன்ற கால் ஜி9, 230 வோல்ட். மெல்லிய ஊசிக் கால் ஜி4, பெரும்பாலும் 12 வோல்ட். வாசலில் இரு முனையிலும் பிடிக்கும் நீட்டு ஹாலோஜன் இருந்தால் அது ஆர்7எஸ், 78 மி.மீ. அல்லது 118 மி.மீ., நீளம் அளந்து வாங்குங்கள். கோயில் மண்டபத்திலும் தொழிற்சாலைக் கொட்டகையிலும் உள்ள பெரிய திருகு இ40.

பெட்டியில் படிக்க வேண்டியது

அடி சரி. அடுத்து வோல்ட்: 220–240 என்றிருக்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து தள்ளி, வயர் கடைசியாக வந்து சேரும் வீடுகளில் மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். அங்கே 170–265 என்று அகன்ற வரம்பு போட்ட பல்பு நன்றாகத் தாக்குப் பிடிக்கும்.

வெளிச்சத்துக்கு வாட்டைப் பார்க்காமல், வெளிச்ச அளவான லூமனைப் பாருங்கள். பழைய 40 வாட் குண்டு பல்புக்கு ஈடு சுமார் 470 லூமன், 60 வாட்டுக்கு 806, 100 வாட்டுக்கு 1521. எல்.இ.டி.யில் இவை ஏறக்குறைய 5, 9, 13 வாட். விளக்குக் கூண்டில் "அதிகபட்சம் 60 வாட்" என்று ஒட்டியிருந்தால் அது உண்மையாக இழுக்கும் வாட்டைத்தான் குறிக்கும், "60 வாட்டுக்குச் சமம்" என்ற விளம்பரத்தை அல்ல.

மூடிய கண்ணாடிக் கூண்டுதான் எல்.இ.டி.யின் எமன். பல்பின் கழுத்துக்குள் இருக்கும் டிரைவருக்குக் காற்று வேண்டும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் அதிலுள்ள கெப்பாசிட்டர் காய்ந்து உப்பிவிடும். 15,000 மணி நேரம் என்று போட்ட பல்பு சில மாதத்தில் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூடிய கூண்டுக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியதை வாங்குங்கள், இல்லையேல் வாட்டைக் குறையுங்கள். கூண்டுக்குள் செத்துக் கிடக்கும் ஈசலையும் கொட்டிவிடுங்கள்.

நிறத்தில் 6500 கெல்வின் பளீர் வெள்ளை, 3000 மஞ்சள், 4000 இடைப்பட்டது. சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் மேசைக்கும் 4000 நன்றாக இருக்கும். எல்லா அறைக்கும் 6500 போட்டு வீட்டையே கிளினிக் ஆக்க வேண்டியதில்லை.

ஹோல்டரிலும் பல்பிலும் சிரிம் (தரச் சான்று நிறுவனம்), சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) முத்திரையைத் தேடுங்கள். 2013 முதல் பல்புக்கும் குறைந்தபட்ச மின்சிக்கன விதி நடைமுறையில் இருக்கிறது. பெயரில்லாத பல்பு பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கினால், உள்ளே டிரைவருக்குப் பதில் ஒரு கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் மட்டும் இருக்கும். கேமராவில் பார்த்தால் விளக்கு வரி வரியாக ஓடும்.

சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிகிறதா? சுவிட்சில் சிவப்பு நியான் விளக்கு இருந்தால் அதன் வழியே கசிகிறது. பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், சாதா சுவிட்சாக மாற்றினால் நிற்கும். நியான் இல்லாமலும் எரிந்தால், முன்பு சொன்ன நியூட்ரல் சுவிட்ச் கோளாறாக இருக்கலாம். வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அடாப்டரும் ஹோல்டர் மாற்றமும்

பின்னிலிருந்து ஸ்க்ரூவுக்கு மாற்றும் அடாப்டர் அவசரத்துக்கு உதவும். ஆனால் பல்பு மூன்று நாலு செ.மீ. கீழே இறங்கும், கூண்டில் இடிக்கும், தளர்ந்த ஸ்பிரிங்கின் மேல் கூடுதல் கனம் ஏறும். ஹோல்டரிலிருந்து பிளக் எடுத்து ஃபேனோ அயர்ன் பாக்ஸோ ஓட்டும் அடாப்டரை வீட்டில் கண்டால் தூக்கிப் போடுங்கள். விளக்கு வயர் மெல்லியது, எர்த் கிடையாது. அயர்ன் பாக்ஸ் இழுக்கும் கரண்டுக்கு அது தாங்காது.

நிரந்தரமாக மாற்ற வேண்டுமானால் சான்றிதழ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். செய்யும்போது கவனிக்க வேண்டியவை: பழைய வயரிங்கில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை, தொங்கும் வயரில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள். நிறத்தை மட்டும் நம்பாமல் டெஸ்டரால் பார்க்க வேண்டும். லைவ் நடு நாக்குக்கு. வயரின் தோலை 6 முதல் 8 மி.மீ. வரை மட்டும் உரிக்க வேண்டும். தொங்கும் ஹோல்டருக்குள் இருக்கும் கொக்கியில் வயரை மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் பல்பின் கனம் முழுக்கத் திருகாணியில் நிற்கும். தோல் சூட்டில் வெடித்து உதிர்கிறது என்றால் ஹோல்டரோடு வயரையும் மாற்றுங்கள். உலோக விளக்கென்றால் எர்த் கட்டாயம்.

பல்பு உடைந்து அடி மட்டும் ஹோல்டரில் மாட்டிக்கொண்டால், மெயினை இறக்கி, கீழே பேப்பர் விரித்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஊசி மூக்குக் குறடால் பித்தளை விளிம்பைப் பிடித்து இடப்பக்கம் திருகுங்கள். பின் வகை என்றால் மேலே அழுத்திக்கொண்டே திருப்புங்கள். உருளைக்கிழங்கைக் குத்தித் திருப்பும் வித்தை வேண்டாம், அதன் ஈரம் ஹோல்டரிலேயே தங்கிவிடும்.

எல்.இ.டி. போடும் முன் யோசிக்க வேண்டிய இடங்கள்

ஓவன் அடுப்புக்குள் எரியும் இ14 பல்பு 300 டிகிரி தாங்கும் தனி ரகம். அதற்கு வேறு எதுவும் ஈடாகாது. தையல் மெஷின் பல்பு பழைய மாடல்களில் பி15 பின்னாகவும், மற்றவற்றில் இ14 ஆகவும் இருக்கும், இரண்டுக்கும் எல்.இ.டி. கிடைக்கிறது, சூடு குறைவதால் தைப்பவருக்கு நல்லது, ஆனால் நீளம் அதிகமானால் மெஷின் மூடி மூடாது.

கோழிக்குஞ்சுக் கூண்டில் குண்டு பல்பு வைப்பது வெளிச்சத்துக்காக அல்ல, சூட்டுக்காக. குண்டு பல்புகளை 2014ஓடு விலக்க அரசு முடிவெடுத்த பின் அவை கடையில் குறைந்துவிட்டன. எல்.இ.டி.யில் குஞ்சு குளிரில் விறைத்துவிடும். இ27 அடியுள்ள வெப்பப் பல்பு தனியாகக் கிடைக்கிறது. 100 வாட்டுக்கு மேல் உண்மையாகவே இழுக்கும் என்பதால் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். பல்பை வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள், மரத்தூளிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கூண்டின் கம்பி வலையில் வயர் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.